பொட்டு வைத்த ஐஸ் தட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று நாள் முழுக்க வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பது என் தொழில். மீதி நேரத்தில் அந்துப்பூச்சி பார்க்கிறேன். விலங்கியல் படித்தவன் ஏன் கண்ணாடி விற்கிறாய் என்று கேட்பவர்களுக்கும், கண்ணாடி விற்கிறவனுக்கு எதற்குப் பூச்சி என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். முறைத்துப் பார்ப்பேன். கடையில் வியாபாரம் சுமாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

அந்துப்பூச்சி என்றால் உள்ளங்கை அகலத்தில், கண் கண்ணாகப் புள்ளி வைத்துக்கொண்டு, சுவரில் வந்து உட்காருமே, அதுவா என்று கேட்பார்கள். அது இல்லை. அதைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது கரும்பைத் துளைக்கிற பூச்சிகள். விரல் நகம் அளவுதான் இருக்கும். வைக்கோல் நிறம். கரும்புச் சோகையில் இறக்கையை மடித்து உட்கார்ந்துவிட்டால் சோகையின் ஒரு நுனி காய்ந்திருக்கிறது என்றுதான் தோன்றும். எங்கள் பக்கத்தில் இவற்றில் நெருங்கிய சொந்தக்காரர்கள் இரண்டு உண்டு. ஒன்றின் புழு இளம் பயிரின் குருத்தைத் துளைக்கும். அது இளங்குருத்துப் புழு. மற்றதன் புழு வளர்ந்த கரும்பின் கணுவுக்குக் கணு புகுந்து தின்னும். அது இடைக்கணுப் புழு. புழுவாக இருக்கும்வரை எங்கே கடிக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். பூச்சியாகிப் பறந்துவிட்டால்தான் தகராறு. நிறத்திலும் புள்ளியிலும் ஏதோ சின்ன வித்தியாசம் இருக்கும், அதுவும் இறக்கைத் தூள் உதிராமல் இருந்தால். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆண் பூச்சியின் அடிவயிற்றைத் தனியே எடுத்து, காஸ்டிக் கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்த பிறகு வால்நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இதை நான் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் விளக்க ஆரம்பித்தால் என் மனைவி காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள்.

பூச்சிகள் கிடைப்பது மேல்பட்டாம்பாக்கத்தில், என் மனைவியின் அண்ணனுடைய கரும்புக் கொல்லையில். மச்சானின் மோட்டார் கொட்டாயில் ஒரு பல்பு இரவெல்லாம் எரியும். அதன் கீழே என் பழைய வேட்டி ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கில் போய், வேட்டியில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறவற்றைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். நெல்லிக்குப்பம் வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே போவேன். மச்சானுக்கு என் ஆராய்ச்சியில் பெரிய மரியாதை கிடையாது.

"புழுன்னா புழு மாப்ள. ரெண்டும் என் கரும்பைத்தான் திங்குது. உனுக்குத்தான் அது வேற இது வேற."

மச்சானாவது கரும்பு போடுகிறவர், சொல்லிவிட்டுப் போகட்டும். சிதம்பரத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள், இதே பூச்சிக் குடும்பத்தைத்தான் அவளும் பார்க்கிறாள், கல்லூரியில் பாடமும் நடத்துகிறாள். அவளும் ஏறக்குறைய மச்சான் கட்சி. எங்கள் துறையில் இரண்டு ஜாதி மனிதர்கள் உண்டு. கொஞ்சம் வித்தியாசம் கண்டால் இது வேறு இனம் என்று பிரிக்கிறவர்கள், எவ்வளவு வித்தியாசம் கண்டாலும் எல்லாம் ஒன்றுதான் என்று சேர்க்கிறவர்கள். நான் பிரிக்கிறவன். அவள் சேர்க்கிறவள். படிக்கிற காலத்தில் நான் ஐந்து இனமாகப் பிரித்துக் கொண்டுபோன பெட்டியை அவள் பத்து நிமிடத்தில் இரண்டாக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. ஆனாலும் என் பூச்சிகள் எல்லாம் கடைசியில் அவளுடைய ஆய்வகத்து அலமாரிக்குத்தான் போகின்றன. வீட்டில் எறும்பு தின்றுவிடும்.

அந்த அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் இரண்டு சின்னச் சீட்டு குத்தியிருக்கும். மேல் சீட்டில் எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது. கீழ்ச் சீட்டில் அது என்ன இனம், அதை இனம் கண்டவர் யார். அரிசி அளவு எழுத்து. பூச்சியின் சாயம் போய், இறக்கை உடைந்து, பிடித்தவனும் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சீட்டுகள் இருக்கும். முன்பின் தெரியாத யாரோ லென்சு வைத்துப் படிப்பார்கள். அதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இனி ஐஸ் தட்டு. பூச்சியிலிருந்து எடுத்த அடிவயிறுகளை ஊறவைக்கத் தனித்தனிக் குழி வேண்டும். பிரிட்ஜோடு வந்த ஐஸ் தட்டு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வரிசைக்கு ஏழு குழி, இரண்டு வரிசை, மொத்தம் பதினான்கு. இடது பக்கம் மேல் மூலையில் இருப்பது ஒன்று, வலது பக்கம் கீழ் மூலையில் இருப்பது பதினான்கு. பூச்சிகள் தெர்மாகோல் பெட்டியில் ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்டு நிற்கும். அவற்றின் வயிறுகள் அதே வரிசையில் தட்டில் கிடக்கும். ஒருநாள் வந்த விருந்தாளிக்கு எலுமிச்சை ஜூஸ் போடுகிற அவசரத்தில் என் மனைவி அந்தத் தட்டை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நல்லவேளை, காலித் தட்டு. அன்றைக்கு அவள் பேசியதை எழுத முடியாது. பேசி முடித்துவிட்டு, நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தத் தட்டின் ஒரு மூலையில் அழுத்தி ஒட்டினாள்.

"பொட்டு வெச்சது உங்களுது. பொட்டு இல்லாதது என்னுது. மாத்தி வெச்சீங்கன்னா ரெண்டும் குப்பைக்குப் போயிரும்."

அந்தத் தை மாதத்து ஞாயிறு பதினான்கு ஆண்பூச்சிகள் கிடைத்தன. மச்சானின் கரும்பு வெட்டுக்கு நெருங்கிய கரும்பு, அதனால் எல்லாம் இடைக்கணுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இறக்கையைப் பார்த்தால் பதிமூன்று அப்படித்தான் இருந்தன. பன்னிரண்டாம் எண் மட்டும் இளங்குருத்து மாதிரி தெரிந்தது. வயிறுகளைத் தட்டில் வைத்து, கரைசல் ஊற்றி, யாரும் தொடாத உயரத்தில் பீரோ மேல் வைத்தேன். மறுநாள் காலை இறக்கி, கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஒன்று, இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

மூன்றாம் எண்ணின் இறக்கை அப்பட்டமான இடைக்கணு. உறுப்போ இடைக்கணுவுடையது இல்லை. இளங்குருத்தின் சாயல் இருந்தது. ஆனால் அதுவும் சரியாகப் பொருந்தவில்லை, அதன் பக்கவாட்டில் உள்ள கொக்கி கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. இறக்கை இவனுடையது, வால் அவனுடையது மாதிரி, கொக்கி யாருடையதும் இல்லை. அப்படியென்றால் மூன்றாவது ஒரு இனம். இதுவரை யாரும் பார்க்காத ஒன்று, மேல்பட்டாம்பாக்கத்தில், என் பழைய வேட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்று கடையைப் பதினோரு மணிக்குத்தான் திறந்தேன். வந்த முதல் ஆளிடம் பவர்கூடக் கேட்காமல் சிரித்துப் பேசியதாகக் கடையில் வேலை பார்க்கும் பெண் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

புது இனத்துக்குக் கண்டுபிடித்தவனே பேர் வைக்கலாம். தன் பேரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது, அது மரியாதை இல்லை. யார் பேரை வைப்பது என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைக்கு என் அம்மா பேர். வீட்டுக் கேட்டில் என் அப்பா பேர். பைக்கில் மகன் பேர். என் மனைவியின் பேர் ரேஷன் கார்டைத் தவிர எங்கும் இல்லை. இருபத்து இரண்டு வருடக் குடித்தனத்தில் இதை நான் கவனித்ததே இல்லை, இவ்வளவுக்கும் மூன்றாம் எண்ணின் கொக்கி குட்டை என்று கவனிக்கிற கண். ராத்திரிச் சாப்பாட்டின்போது, புதுப் பூச்சிக்கு உன் பேரைத்தான் வைக்கப்போகிறேன் என்றேன்.

"எங்க அண்ணன் கரும்பைத் தொளைக்கிற பூச்சிக்கு என் பேரா? நல்லாருக்குது உங்க நியாயம்" என்றாள்.

ஆனால் மறுநாள் அவள் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைச் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். "லத்தீன்லயே வருமாம்டி. உலகம் பூரா அப்பிடித்தான் சொல்லணுமாம். பின்னால அவுங்க பேரும் வருமாம், பிராக்கெட்டுல எதுவோ." குரலில் அப்படி ஒரு மிதப்பு. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். வாரக் கடைசிக்குள் மேல்பட்டாம்பாக்கம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மச்சான் போன் செய்தார்.

"ரெண்டுக்கே தாங்கல. மூணாவது வேறயா? அதுவும் எந்தங்கச்சி பேருல. மருந்து அடிக்கும்போது என்னான்னு சொல்லி அடிக்கிறது?"

அடுத்த ஞாயிறு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். பூச்சிப் பெட்டி மடியில். புதுச்சத்திரம் தாண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அது ஸ்வீட் பெட்டி என்று நினைத்து அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார். திறந்து காட்டினேன். பி.முட்லூரில் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

தோழி ஆய்வகத்தில் தனியாக இருந்தாள். மூன்றாம் எண்ணின் இறக்கையைப் பார்த்தாள். உறுப்பைப் பார்த்தாள். ஊசியால் அதை லேசாகப் புரட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். "கொக்கி குட்டையா இல்ல. சாஞ்சு கெடந்துச்சு. இப்பப் பாரு" என்றாள். பார்த்தேன். கொக்கி முழு நீளத்தில் இருந்தது. சுத்தமான இளங்குருத்து. சரி, கொக்கி போனால் போகட்டும், இடைக்கணு இறக்கையில் இளங்குருத்து வால், அதுவே புதுசுதானே என்றேன். அவள் என் நோட்டை வாங்கிப் புரட்டினாள். பன்னிரண்டாம் எண்ணில் விரலை வைத்தாள். இறக்கை இளங்குருத்து போல், உறுப்பு இடைக்கணு, ஆகவே இறக்கை தேய்ந்தது, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

"பன்னெண்டுல எறக்கைய நம்பல. மூணுல மட்டும் எறக்கையையும் நம்புன, வாலையும் நம்புன. ஏன்?"

எனக்குக் கோபம் வந்தது. நீ சேர்க்கிற ஆள், உனக்கு ஒன்று கூடுதலாக இருந்தால் தூக்கம் வராது என்றேன். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன், அதில் குறை வைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் மாறியிருந்தா நானும் யோசிப்பேன். ரெண்டு எதிரும் புதிருமா மாறியிருக்குது. வீட்ல எங்கயோ கை தவறியிருக்கு. போயி நல்லாப் பாரு, அப்பறமா வந்து என்னைத் திட்டு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் வருவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டில் பீரோவைத் துடைக்கிற கை ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அன்றைக்குத் தட்டை யார் தொட்டது என்று கேட்டேன். கேட்ட தொனி அவ்வளவு நன்றாக இல்லை.

"அந்தக் கருமத்த நான் ஏன் தொடப்போறேன்? தொட்டா கை வெந்துரும்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். முறம் கையில் இருந்தது, உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்தாள். "என்னா ஆச்சு? முழுசா சொல்லுங்க."

சொன்னேன். எண்கள், இறக்கை, வால், பன்னிரண்டு, மூன்று. காபி போட எழுந்து போகாமல் முழுதும் கேட்டாள். பிறகு போனை எடுத்தாள். போன ஞாயிறு மாலை வயிறுகளை வைத்து முடித்ததும் நான் பெருமையாக ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தேன். திங்கள் காலை தட்டை இறக்கியதும் இன்னொன்று போட்டிருந்தேன். யாரும் ஒரு கட்டை விரல்கூடக் காட்டவில்லை. அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பொட்டு எங்க இருக்குது பாருங்க."

முதல் படத்தில் பொட்டு இடது பக்கம் மேல் மூலையில், ஒன்றாம் குழிக்கு மேலே. இரண்டாவது படத்தில் வலது பக்கம் கீழ் மூலையில்.

"போட்டோவைத் திருப்பி எடுத்திருப்பேன்" என்றேன்.

"அப்ப பின்னால தெரியிற ஜன்னலும் திரும்பிச்சா? ரெண்டுலயும் அங்கயேதான் இருக்குது. நீங்க பீரோ மேலேர்ந்து எறக்குறப்ப இந்தப் பக்கத்த அந்தப் பக்கமா திருப்பி வெச்சிட்டீங்க."

உட்கார்ந்துவிட்டேன். தட்டு அரைச்சுற்று திரும்பினால் ஒன்று பதினான்காகும், இரண்டு பதிமூன்றாகும், மூன்று பன்னிரண்டாகும். பதினான்கு பூச்சிக்கும் நான் வேறு பூச்சியின் வாலைக் கொடுத்திருக்கிறேன். மூன்றையும் பன்னிரண்டையும் தவிர மற்றவை எல்லாம் ஒரே இனம் என்பதால் அவை தங்களுக்குள் வாலை மாற்றிக்கொண்டது தெரியவில்லை. வந்திருந்த ஒரே ஒரு இளங்குருத்து பன்னிரண்டாம் எண். அதன் வாலைத்தான் மூன்றாம் எண்ணுக்கு ஒட்டவைத்து உலகத்துக்கே புதுசு என்று ஆடியிருக்கிறேன். மச்சானுக்குப் போன் போட்டு, உங்கள் பக்கத்தில் யாராவது இளம் பயிர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். "பக்கத்துக் கொல்லையில வெட்டி முடிச்சு மறுதாம்பு துளிர் விட்டுருச்சே, நீ தாண்டித்தான வர்ற. பைக்க நிறுத்தி ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். அங்கிருந்து வேட்டிக்கு இருபது அடி.

தோழியிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். நீண்ட நேரம் ஆயிற்று.

எனக்கு வெட்கம் இருந்தது, ஆனால் அது பெரிசாக இல்லை. பிரிக்கிறவனுக்கு இதெல்லாம் பழக்கம். தாங்க முடியாதது வேறு. லத்தீனில் வருமாம்டி என்று சொன்ன அந்தக் குரல். அதை நான்தான் கொடுத்தேன், இப்போது நானே போய் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அவளோ புடைத்த உளுந்தை டப்பாவில் கொட்டி மூடிவிட்டு, "தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா ஒரு மணி நேரம் வெளக்குவீங்க" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளைக் குற்றம் சாட்டியதற்காக மன்னிப்பு கேட்டேன். சரி, சரி, செருப்பைக் கழற்றுங்கள் என்றாள்.

அந்த வாரம் முழுக்கப் பதினான்கு பூச்சிகளுக்கும் வாலைத் திருத்திக் கொடுத்தேன். புதிதாகச் சீட்டு எழுதினேன். மேல் சீட்டில் மேல்பட்டாம்பாக்கம், தேதி, பிடித்தவன் நான். கீழ்ச் சீட்டு எழுதும்போது மூன்றாம் எண்ணில் வந்து பேனா நின்றது. இது இடைக்கணு. பன்னிரண்டு இளங்குருத்து. இதைக் கண்டுபிடித்தது யார்? நான் இல்லை. நான் கண்டுபிடித்தது இல்லாத ஒன்றை. தோழியும் இல்லை, அவள் சந்தேகப்பட்டாள், அவ்வளவுதான். மறுபடி தோழிக்கே போன் போட்டு, பூச்சியைத் தொடாதவர் பேரைக் கீழ்ச் சீட்டில் போடலாமா என்று கேட்டேன். "எது எதுன்னு தீர்மானமா சொன்னது யாரோ அவுங்க பேரைத்தான் போடணும். அதுதான் வழக்கம்" என்றாள். பிறகு, "எழுத்து சரியா வரணும், நாளைக்கு நூறு வருஷம் கழிச்சி ஒருத்தன் படிப்பான்" என்றும் சொன்னாள்.

மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கீழ்ச் சீட்டில் இனம் கண்டவர் என்ற இடத்தில் என் மனைவியின் பேரை எழுதினேன். இனிஷியல் அவள் அப்பாவுடையது. நான்கு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவதுதான் தேறியது.

அவளைக் கூப்பிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய லென்சைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். முதலில் மூன்று, பிறகு பன்னிரண்டு, மறுபடி மூன்று.

"எழுத்து கோணலா இருக்குது" என்றாள்.

"பூச்சிக்கு வெக்கறேன்னு சொன்னேன், முடியாமப் போச்சு" என்றேன்.

அவள் லென்சை எடுக்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"பூச்சிக்கு வெச்சிருந்தா அது பூச்சியோட பேரு. இது என் பேரு."